ஹிரோஷிமா நாளுக்குத் தோட்டத்து டவுனில் என்ன செய்யலாம்? மனு யாருக்கு, அனுமதி எங்கே?

செம்பனை (கேள்வி)

வணக்கம். மலேசியாவில் பேராக்கின் தாப்பா பக்கம் ஒரு தோட்டத்து டவுன். ஆலய இளைஞர் பிரிவும் வாசகர் வட்டமும் சேர்ந்து பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம். ஹிரோஷிமா நாளை ஒட்டி அணு ஆயுத எதிர்ப்பு நிகழ்ச்சி ஒன்று வைக்க எண்ணம். கையில் 600 வெள்ளி (ரிங்கிட்). ஆகஸ்ட் 6 காலையில், கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவில் உள்ள திடலில் கூட்டம். மாலையில் ஆற்றில் விளக்கு விடுவது. கூடவே "அரசாங்கம் அணுகுண்டை எதிர்க்க வேண்டும்" என்று கையெழுத்து வேட்டை. இதில் எது சரி, எது இடிக்கும்? "நம்ம ஊருக்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

கித்தாமரம்

முதலில் மனு. நீங்கள் எழுதியிருக்கும் கோரிக்கை செல்லாக் காசு, ஏனென்றால் அரசாங்கம் ஏற்கனவே எதிர்த்தாயிற்று. அணு ஆயுதத் தடை உடன்படிக்கை கையெழுத்துக்குத் திறந்த முதல் நாளே, 2017 செப்டம்பர் 20-இல், மலேசியா கையெழுத்திட்டது. 2020 செப்டம்பர் 30-இல் உறுதிப்படுத்தி 46-ஆவது நாடாகச் சேர்ந்தது. 2021 ஜனவரி 22 முதல் அது அமலில் இருக்கிறது. அதற்கும் முன்னால் 1995-இல் பாங்காக்கில் போட்ட தென்கிழக்காசிய அணு ஆயுதமற்ற வட்டார ஒப்பந்தத்திலும் நாம் உண்டு. உங்கள் மனுவை எம்.பி. அலுவலகத்தில் கொடுத்தால் "எங்கள் நிலைப்பாடும் அதுவே" என்று ஒரு கடிதம் வரும், அதோடு கோப்பை மூடிவிடுவார்கள்.

ஆகவே, இன்னும் செய்யாததைக் கேளுங்கள். உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவு, ஒவ்வோர் உறுப்பு நாடும் தடைகளைத் தன் சட்டத்தில் தண்டனையோடு கொண்டுவர வேண்டும் என்கிறது. 12-ஆவது பிரிவு, சேராத நாடுகளைச் சேரத் தூண்ட வேண்டும் என்கிறது. 2017-இல் ஐ.நா.வில் 122 நாடுகள் ஆதரித்தன, நெதர்லாந்து எதிர்த்தது. வாக்களிக்காமல் ஒதுங்கிய ஒரே நாடு பக்கத்து வீட்டு சிங்கப்பூர். "5-ஆவது பிரிவின்படி எந்தச் சட்டத்தில், என்ன தண்டனை? 12-ஆவது பிரிவின்படி ஆசியான் நாடுகளிடம் என்ன பேசினீர்கள்?" என்று இரண்டு கேள்வியை எழுதி, மக்களவையில் கேட்கச் சொல்லி எம்.பி.யிடம் கொடுங்கள். இரண்டாயிரம் கையெழுத்தை விட இதற்குத்தான் பதில் வரும், அதுவும் ஹன்சார்டில் (நாடாளுமன்றப் பேச்சுப் பதிவேட்டில்) பதிவாகும்.

5-ஆவது பிரிவு வெறும் சடங்கு என்று யாராவது சொன்னால் 2003 அக்டோபரைச் சொல்லுங்கள். லிபியாவுக்குப் போன ஒரு ஜெர்மன் கப்பலை இத்தாலிக்குத் திருப்பிச் சோதித்தபோது யுரேனியம் செறிவூட்டும் சுழலியின் பாகங்கள் கிடைத்தன. செய்த இடம் நம் நாட்டின் சா ஆலாமில் ஒரு பட்டறை. 2010-இல் ஆயுதத்துக்குப் பயன்படக்கூடிய பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் வியூக வாணிபச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இந்த விவகாரமும் உண்டு.

அடுத்தது மாவட்ட மன்றம். அமைதிக்கான மேயர்கள் அமைப்பு 1982-இல் ஹிரோஷிமா மேயர் தொடங்கியது. இன்று 160-க்கும் மேற்பட்ட நாடுகளில் 8,000-க்கும் அதிகமான ஊர்கள் அதில் இருக்கின்றன. மன்றத் தலைவர் ஒரு விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டால் சேரலாம். இன்னொன்று, ஐகேன் (அணு ஆயுத ஒழிப்புக்கான சர்வதேச இயக்கம்) 2018-இல் தொடங்கிய நகரங்களின் முறையீடு. பாரிஸ், வாஷிங்டன் எல்லாம் அதில் சேர்ந்தவை. இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்த முறையீட்டின் வாசகம் "எங்கள் அரசாங்கம் உடன்படிக்கையில் சேர வேண்டும்" என்று முடியும். அதை அப்படியே படியெடுத்துக் கொடுத்தால் மன்றச் செயலாளர் படித்ததும் சிரித்துவிடுவார். "மலேசியா சேர்ந்ததை வரவேற்கிறோம், சேராத நாடுகளை அழைக்கிறோம்" என்று மாற்றி எழுதுங்கள்.

ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதிலிருந்து மன்ற உறுப்பினர்கள் மாநில அரசு நியமிப்பவர்கள்தாம். அதனால் வாசல், சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம். ஒரு பக்கத் தீர்மான நகலை மலாயில், ஜூன் தொடக்கத்திலேயே கொடுங்கள். கடிதத்தின் பொருள் வரியில் "ஆயுதம்" என்ற சொல் கண்ணில் படட்டும். இல்லாவிட்டால் அணுமின் நிலையத்துக்கோ அரிய மண் ஆலைக்கோ எதிரான மனு என்று நினைத்து வேறு இலாகாவுக்குத் தள்ளிவிடுவார்கள். "வெளியுறவு எங்கள் வேலை இல்லை" என்பார்கள். செலவில்லாத தீர்மானம், பேரிடர் வந்தால் முதலில் ஓடுவது மன்றத்தின் ஆட்கள்தாம், இந்த இரண்டும் அதற்குப் போதும்.

கையெழுத்துத் தாளில் ஐசி (அடையாள அட்டை) நம்பர் கேட்காதீர்கள். மோசடிக் காலம், பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். பெயர், அஞ்சல் குறியீடு, கையெழுத்து போதும்.

பாலாய்_வாசல்

திடல் திட்டத்தை விடுங்கள். 2012 அமைதிப் பேரணிச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வழிபாட்டுத் தலம், பள்ளிக்கூடம், பாலர் பள்ளி, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், பாலம் எல்லாம் இருக்கின்றன. அவற்றின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் பேரணி கூடாது. உங்கள் திடல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான தோட்டத்து டவுன்களில் இதே கதைதான், கோயிலும் பள்ளியும் திடலும் ஒட்டித்தான் இருக்கும்.

பொது இடத்தில் வைப்பதென்றால் ஓ.சி.பி.டி.க்கு (மாவட்டக் காவல் தலைவர்) ஐந்து நாள் முன்பு அறிவிப்பு கொடுக்க வேண்டும் (முன்பு பத்து நாள், 2019 திருத்தத்தில் குறைத்தார்கள்). அறிவிப்பு கொடுக்காததைக் குற்றமாக்கிய 9(5) பிரிவு செல்லாது என்று 2025 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. அதற்காக அறிவிப்பையே விட்டுவிடாதீர்கள், அந்தக் கடமை சட்டத்தில் அப்படியேதான் இருக்கிறது. பாரத்தில் அமைப்பாளர் விவரம், பேச்சாளர், தலைப்பு, நேரம், வருகையாளர் எண்ணிக்கை, ஒலிபெருக்கி வகையும் எண்ணிக்கையும் கேட்பார்கள். இடத்துக்காரரின் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். தோட்ட நிலம் என்றால் மானேஜர் கடிதம். கிராணி (தோட்டத்து எழுத்தர்) வாய்மொழியாகச் "சரி" என்றால் அது எழுத்தாகாது.

அமைப்பாளருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இளைஞர் பிரிவுத் தலைவர் 20 என்றால் வேறு ஆள் கையெழுத்திடட்டும். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பேரணிக்கு அழைத்து வருவது தனிக் குற்றம். சமயக் கூட்டம், இறுதி ஊர்வலம், வழக்கத்தையொட்டிய கூட்டம் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. பிள்ளைகள் பங்கை பள்ளிக்குள் தனி நிகழ்வாக வையுங்கள். அதற்குத் தலைமையாசிரியரின் சம்மதம் மட்டும் போதாது, வெளியார் உள்ளே வந்து பேச மாவட்டக் கல்வி இலாகாவின் ஒப்புதல் கேட்பார்கள்.

எளிய வழி: பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில், மூடிய மண்டபத்தில், அழைப்பிதழ் கொடுத்து வைப்பது. சங்கப் பொதுக்கூட்டத்துக்கு அறிவிப்பே தேவையில்லை, அது மூன்றாம் அட்டவணையில் உள்ளது. ஆனால் மற்ற நிகழ்ச்சிக்கெல்லாம் "பொதுக்கூட்டம்" என்று பெயர் சூட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். எது எப்படியானாலும் எஸ்.பி.காரர் (போலீஸ் உளவுப் பிரிவு) ஒருவர் வந்து படம் எடுப்பார். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

விளக்குக் கம்பத்தில் பந்திங் (விளம்பரத் துணி) கட்ட மன்றத்தின் உரிமமும் முன்பணமும் வேண்டும். இல்லாமல் கட்டினால் இரண்டு நாளில் லாரியில் ஏறிவிடும். ஆலய அறிவிப்புப் பலகையும் வாட்சப்பும் போதும்.

மலையோரம்

ஊருக்கு என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு அரிசியைக் காட்டுங்கள். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் முதல் நாளே இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியானது. உள்ளூர் அரிசி கடைத் தட்டில் காணாமல் போனது. இது ஒரு நாட்டின் ஓர் ஆணைக்கே. அணுப் போரில் நகரங்கள் எரிந்தால் கரும்புகை மழை மேகங்களையும் தாண்டி மேலே ஏறிவிடும். அங்கே அதைக் கழுவ மழை கிடையாது, ஆண்டுக் கணக்கில் வெயிலை மறைக்கும், விளைச்சல் விழும். 2022-இல் 'நேச்சர் ஃபூட்' இதழில் வந்த ஆய்வு, இந்தியா–பாகிஸ்தான் போர் ஒன்றே உலகில் 200 கோடிக்கு மேற்பட்டவர்களைப் பட்டினியில் கொல்லக்கூடும் என்கிறது. அமெரிக்கா–ரஷ்யா போர் என்றால் 500 கோடிக்கு மேல். குண்டு எங்கே விழுந்தாலும் அதன் பாதிப்பு தாப்பா சந்தைக்கு வரும்.

அதைவிடப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அணுச் சோதனையைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க வைக்கத் திட்டமிட்ட 80 கதிரியக்க நிலையங்களில் ஒன்று கேமரன் மலையில், ஆர்.என்.42. வேலை இப்படி: மணிக்கு 500 கன மீட்டருக்குக் குறையாமல் காற்றை இழுத்து ஒரு நாள் முழுக்க வடிகட்டித் தாளில் தூசியைப் பிடிப்பார்கள். இன்னொரு நாள் அப்படியே ஆறப் போடுவார்கள். இயற்கையாக மண்ணிலிருந்து வரும் ரேடான் வாயு சிதைந்து உண்டாகும் கதிரியக்கப் பொருள்கள் அதற்குள் அடங்கிவிடும். பிறகு ஒரு நாள் காமா அளவீடு. அணுப் பிளவில் பிறக்கும் ஐசோடோப்புகள் (கதிரியக்க அணு வகைகள்) அப்போது தனித்துத் தெரியும். கண்காட்சியில் ஒரு பலகை இதற்கு ஒதுக்குங்கள். பள்ளிப் பிள்ளைகள் நின்று படிப்பது இதைத்தான்.

இன்னொரு பலகை: 1945-இல் ஹிரோஷிமாவில் படித்துக்கொண்டிருந்த மலாயா மாணவர்கள். நிக் யூசோப், சைட் ஓமார் இருவரும் குண்டால் இறந்தார்கள். உயிர் தப்பிய அப்துல் ரசாக் பிற்பாடு இங்கே ஐ.டி.எம். (மாரா தொழில்நுட்பக் கழகம்) உயர்கல்விக்கூடத்தில் ஜப்பானிய மொழி கற்பித்தார், 2013-இல் காலமானார். ஐகேன் இயக்கத்துக்கான யோசனையை 2005-இல் முன்வைத்தவரும் மலேசிய மகப்பேறு மருத்துவர் ரோனல்ட் மெக்கோய். 2017-இல் அந்த இயக்கத்துக்கு நோபல் கிடைத்தது.

செம்பனை

கண் திறந்தது, நன்றி. ஒரு சங்கடம். "இந்தியா குண்டு வெடித்ததில் நமக்குப் பெருமை, கலாம் ஐயாவையே குறை சொல்கிறீர்களா" என்று ஆலயக் கமிட்டியில் ஒரு பெரியவர் இப்போதே ஆரம்பித்துவிட்டார். அவருக்கு என்ன சொல்வது? அப்புறம், ஆற்றில் விளக்கு விடலாமா?

கித்தாமரம்

பெரியவரிடம் வாதம் வேண்டாம், மேடையில் கலாம் பெயரை நீங்களாக எடுக்கவும் வேண்டாம். ஒன்பது நாடுகளிடம் சுமார் 12,000 குண்டு, அதில் பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவும் ரஷ்யாவும் வைத்திருப்பவை என்று தொடங்குங்கள். உடன்படிக்கை ஒன்பதுக்கும் ஒரே அளவுகோல்தான், இந்தியாவைத் தனியாகக் குறிவைப்பதில்லை. அப்புறம் மலையோரம் சொன்ன அரிசிக் கணக்கு. அவரையே விளக்கேற்றி வைக்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அடங்கும். கட்சிக்காரர் யாருக்கும் மைக் கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள்.

ஈர்க்குச்சி

ஆறு வேண்டவே வேண்டாம். தாப்பா பக்கத்து ஆறுகள் கேமரன் மலையிலிருந்து இறங்குபவை. மேலே மழை கொட்டினால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே கெப்பாலா ஆயர் (திடீர் வெள்ளம்) வரும். ஆற்றங்கரைக்கு வடிகால் நீர்ப்பாசன இலாகாவிடம் வேறு போக வேண்டும்.

மண்டப வாசலில் இரண்டு பெரிய குழந்தைக் குளியல் தொட்டி வையுங்கள், அல்லது கல்யாண வீட்டு அண்டா. மிதவைக்கு ஸ்டைரோபோம் வாங்காதீர்கள். வாழைமரத் தண்டை இரண்டங்குல வில்லையாக நறுக்கி, இரண்டிரண்டாகச் சேர்த்து ஈர்க்குச்சி குத்தினால் நன்றாக மிதக்கும். தண்டை அன்று காலையில்தான் வெட்ட வேண்டும். முதல் நாள் வெட்டினால் அடுக்குகள் சுருங்கிக் கழன்றுவிடும். விளக்குக் கூடு 15 செ.மீ. சதுரம், உயரம் 20. தாளை 61 செ.மீ. நீளம் வெட்டினால் நாலு பக்கமும் போக ஒரு செ.மீ. ஒட்டுவதற்கு மிஞ்சும். மூலைக்கு ஓர் ஈர்க்குச்சி. கூடு இதைவிடச் சிறுத்தால் காற்றில் சுடர் சாய்ந்து தாளைப் பிடிக்கும். பிள்ளைகள் கையில் கொடுப்பதானால் மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி விளக்கு. தாளில் எழுத மார்க்கர் நல்லது, தண்ணி கலரில் எழுதினால் ஈரம் பட்டவுடன் வழியும்.

படங்கள்: ஹிரோஷிமாவும் அமைதிக்கான மேயர்களும் வெளியிட்ட சுவரொட்டிகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஏ2-இல் அடித்தால் 600 வெள்ளியும் அங்கேயே போகும். நாலைந்து மட்டும் பெரிதாக, மற்றவை ஏ3. தமிழ் விளக்கத்தைத் தனித் துண்டில் அடித்துக் கீழே வையுங்கள். இம்ப்ரா போர்டில் (பிளாஸ்டிக் அட்டை) ஒட்டும்போது இரட்டைப் பக்க டேப்பை நம்பாதீர்கள், மண்டபப் புழுக்கத்தில் மதியத்துக்குள் உரியும், கிளிப் போடுங்கள். தீக்காயப் படங்களை உள் வரிசையில், வாசலிலிருந்து தெரியாதபடி வையுங்கள்.

தேதி விஷயம். ஹிரோஷிமாவில் காலை 8.15 என்றால் நமக்கு 7.15. இந்த ஆண்டு (2026) ஆகஸ்ட் 6 வியாழன், அந்த நேரத்தில் தோட்டத்து ஆட்கள் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து வேலைக்காட்டில் இருப்பார்கள். நாகசாகி நாளான 9 இந்த ஆண்டு ஞாயிறு. அங்கே 11.02, நமக்கு 10.02. ஆடி மாதம் வேறு, கூழ் ஊற்றக் கூட்டம் தானாக வரும். ஆனால் அதனாலேயே மண்டபமும் கிடைக்காது, உபயக்காரர்கள் முன்கூட்டியே பிடித்திருப்பார்கள். இன்றே கமிட்டிச் செயலாளரைக் கேளுங்கள். தொட்டித் தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசுச் சோதனைக்கு வந்தால் அபராதம் ஆலயத்துக்கு.

பாலாய்_வாசல்

ஒன்று விட்டுப்போனது. வாசல் தொட்டியும் ஒலிபெருக்கியும் வெளியே இருந்தால் "மூடிய மண்டபம்" என்ற பேச்சு நிற்காது. ஓ.சி.பி.டி. அறிவிப்பில் வாசல் நிகழ்வையும் எழுதி, முத்திரை குத்திய நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.