பிள்ளைபிடிக்காரன் பயமும் ஐந்து பேர் கணக்கும்

தெற்குவாசல்:
கணினித்தம்பி என்ற நண்பர் வேறொரு திரியில், "2018-ல் வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி தடுத்ததும் பிள்ளைபிடிக்கும் வதந்தி ஒழிந்துவிட்டது, பயம் என்பது தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதியிருக்கிறார். காலைக் காப்பி கசந்துவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த குற்றத்திற்காக 65 வயது மூதாட்டியை ஊர் கூடி அடித்துக் கொன்றது. அந்தப் பயம் ஐந்து என்ற எண்ணில் அடங்கிவிட்டதாம்! டீக்கடை பெஞ்சில் உட்காருவதே ஐந்து பேர்தானே ஐயா, ஊரைக் கூட்ட அது போதாதா?

கணினித்தம்பி:
நான் எழுதியதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவது உங்களுக்குப் புதிதல்ல. ஹெல்மெட் திரியிலும் இதையேதான் செய்தீர்கள். அப்போது பரவிய காணொளி, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர்கள் பிள்ளையைத் திரும்ப விட்டுவிடும் கடைசிக் காட்சியை எவரோ வெட்டியெறிந்து, மீதியை உண்மை என்று சுற்றுக்கு விட்டார்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டத்தில் ஒரே நாளில் ஐவர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில்தான் ஐந்து பேர் என்ற வரம்பு இந்தியாவுக்கு வந்தது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் விரிந்தது. பயன் இல்லாததை உலகத்துக்கே நீட்டிப்பார்களா?

தெற்குவாசல்:
உலகத்துக்கு நீட்டியது சரி, பயம் சுருங்கியதா என்பதே என் கேள்வி. 2020 ஏப்ரல் 7 அன்று, பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஒரே ஒருவருக்கோ குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். ஒன்பதாம் நாள், அதாவது 16-ஆம் தேதி இரவு, மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் இரண்டு சாமியார்களையும் அவர்களுடைய ஓட்டுநரையும், போலீசார் கண்ணெதிரே, பிள்ளை திருட வந்தவர்கள் என்று அடித்துக் கொன்றார்கள். ஐந்தும் தோற்றது, ஒன்றும் தோற்றது. அடுத்து பூஜ்யத்துக்கு வருவீர்களா?

கணினித்தம்பி:
அந்த ஒன்று வேறு, இந்த ஐந்து வேறு. வேறுபாடு தெரியாதவரோடு விவாதிப்பது வீண்.

போளூர்க்காரன்:
திரியைப் படித்துவிட்டு எழுதாமல் போக மனம் வரவில்லை. எங்கள் பக்கம் என்றாலே காட்டுமிராண்டிகள் என்பதுபோல் எழுதுகிறீர்கள். அத்திமூர் சம்பவம் நடந்த அதே வாரத்தில் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்களே, அதை ஏன் ஐயா விட்டுவிட்டீர்கள்? சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் என்பதாலா? அந்த நாட்களில் எங்கள் ஊர் இளைஞர்கள் இரவு முழுவதும் டார்ச்சும் கம்புமாகத் தெருமுனையில் காவல் இருந்தார்கள். கைப்பேசியே இல்லாத என் பாட்டிதான் எல்லோரையும்விட அதிகம் பயந்தவர். பாலம் கட்டும்போது பிள்ளையைப் பலி கொடுப்பார்கள் என்று சிறு வயதில் கேட்டதை அப்போது மறுபடி சொன்னார். எந்த ஃபார்வர்டும் அவரிடம் வரவில்லை.

தெற்குவாசல்:
போளூர்க்காரர் கோபித்துக்கொண்டே என் பக்கம் சாட்சி சொல்லியிருக்கிறார், நன்றி. 2001 மே மாதத்தில் டெல்லியில் "குரங்கு மனிதன்" வந்தான் என்ற பீதியில், மொட்டை மாடியில் தூங்கியவர்கள் பதறியடித்துக் குதித்து உயிரையே விட்டார்கள். வாட்ஸ்அப் பிறந்தது 2009-ல். கணினித்தம்பி இதற்கு எந்த எண்ணைக் கொண்டு வருவார்?

போளூர்க்காரன்:
நான் உங்கள் பக்கம் சாட்சி சொல்லவில்லை. பழவேற்காடு பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

செம்பருத்தி:
ஐந்தா ஒன்றா என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் நடந்ததை யாரும் பேசவில்லை. எங்கள் குடியிருப்பில் முன்பெல்லாம் கொழுக்கட்டையைத் தட்டில் வைத்து எந்தப் பிள்ளை எதிரே வந்தாலும் கொடுப்போம். இப்போது அதன் அம்மாவைத் தேடிப்போய் அனுமதி கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன், அப்போதும் என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்க்கிறார்கள். வாசலில் கேமரா, கேட்டில் பதிவேடு, பள்ளி வேன் வரும் நேரத்தில் ஆளுக்கொரு தாய் காவல். இத்தனைக்கும் எங்கள் தெருவில் ஒரு பிள்ளைகூடக் காணாமல் போனதில்லை. வழியில் கண்ட குழந்தையிடம் ஒரு இனிப்பை நீட்டியதுதானே அந்த மூதாட்டி செய்தது? அதே காரியத்தைச் செய்ய இன்று என் கை தயங்குகிறது.

கணினித்தம்பி:
சகோதரி சொல்வது என் வாதத்தையே உறுதி செய்கிறது. அந்தக் காணொளி பரவாமல் இருந்திருந்தால் உங்கள் கை தயங்கியிருக்காது.

செம்பருத்தி:
எதை உறுதி செய்கிறது என்பதை எழுதியவளிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். அந்தக் காணொளியை நான் இன்றுவரை பார்த்ததே இல்லை.

தெற்குவாசல்:
கொழுக்கட்டை இருக்கட்டும் அம்மா. 2024-இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அதே பிள்ளை கடத்தல் வதந்தி மறுபடி கிளம்பி, நம்ப வேண்டாம் என்று போலீசார் மாவட்டந்தோறும் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஐந்து பேர் வரம்பு அப்போது விடுப்பில் போயிருந்ததா? நான்காம் முறையாகக் கேட்கிறேன்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதலைத் தவிர்க்கவும். ஹெல்மெட் திரி மூடப்பட்டுவிட்டது. அதை இங்கே திறக்க வேண்டாம்.

கணினித்தம்பி:
ஹெல்மெட் திரியை மூட வைத்தவர் யார் என்பது மட்டுறுத்துநருக்கே தெரியும். 2018-க்கும் 2024-க்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வரியில் சொல்கிறேன்: 2024-ல் வதந்தி வந்தது, அத்திமூர் வரவில்லை. அது ஐந்தின் வேலை.

போளூர்க்காரன்:
எங்கள் ஊர்ப் பெயரைக் கொலைக்கு மறுபெயராக எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

தெற்குவாசல்:
அது ஐந்தின் வேலை அல்ல. 2018-ல் ஊரோடு கைதாகி, நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் அலைந்தவர்களை மற்ற ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். ஒரு பயத்தை இன்னொரு பயம் அடக்கியது. நண்பருக்கு இது விளங்காது, ஏனென்றால் இதில் எண் இல்லை. 2001-க்குப் பதில் வந்ததும் மேலும் எழுதுகிறேன்.

கணினித்தம்பி:
இப்போது சொன்னதில் ஊகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஐந்துக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.