அடிஸ் அபாபாவுல பெரியம்மா என்ன சாப்பிடுவாங்க?

குழு: மாடி வீட்டுச் சொந்தங்கள்

கயல்: (படம்) நேத்து ராத்திரி இங்க எத்தியோப்பியாவுல, அடிஸ் அபாபாவுல 'போலே'ங்கற ஏரியா பக்கத்துல 'யோத் அபிசீனியா'ங்கற ஓட்டலுக்கு ஆபீஸ் ஆளுங்களோட போயிருந்தேன். இதுதான் நாங்க சாப்பிட்ட தட்டு. முழுக்க சைவம். பெரியம்மாவுக்குக் காட்டணும்னே எடுத்தேன்.

மீனா பெரியம்மா: அங்க மாட்டுக்கறியப் பச்சையாவே திம்பாங்கன்னு சொன்னாங்களே கயலு. நான் வந்தா உன் ரூம்லயே சோறு பொங்கிக்கலாம்னு இருந்தேன்.

கயல்: கித்ஃபோன்னு அது ஒண்ணு இருக்கு பெரியம்மா. ஆனா இங்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க புதனும் வெள்ளியும் விரதம். கறி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் தொட மாட்டாங்க. ஈஸ்டருக்கு முன்னால 55 நாள் விரதம் வேற. அதனால பருப்பும் கீரையும் வச்சே அவ்ளோ ருசியா சமைக்கிறாங்க. நேத்து புதன்தானே!

அபி: அக்கா, நடுவுல செவப்பா இருக்கே, அது என்ன?

கயல்: மிசிர் வொட். மைசூர் பருப்பு. பக்கத்துல மஞ்சளா இருக்கறது கிக் ஆலிச்சா, அதுல காரமே இருக்காது, சித்தப்பா வயித்துக்கு ஒத்துக்கும். பச்சை கொமென், கீரை. கொழகொழன்னு இருக்கறது ஷிரோ, கடலை மாவுல பண்றது. எனக்கு அதுதான் உயிர்.

செந்தில் மாமா: கீழ விரிச்சிருக்கறது தோசைதானே?

கயல்: இன்ஜெரா மாமா. தெஃப்னு கடுகை விடப் பொடியான தானியம். கரைச்சு ரெண்டு மூணு நாள் புளிக்க விட்டு, பெரிய வட்டக் கல்லுல ஊத்தி மூடி வைப்பாங்க. திருப்பியே போட மாட்டாங்க. மேல பூரா கண்ணு கண்ணா இருக்கும், குழம்பு அதுல எறங்கிடும். கடைசில அடியில ஊறிக் கெடக்கற துண்டுக்குத்தான் போட்டி.

மீனா பெரியம்மா: குழம்பு எப்படி இவ்ளோ கருஞ்செவப்பு?

கயல்: எங்க வீட்டு ஓனரம்மா பண்ணும்போது பக்கத்துலயே நின்னு பார்த்தேன். நெறைய வெங்காயத்தப் பொடியா நறுக்கி, எண்ணெயே விடாம வெறும் சட்டியில கிண்டிக்கிட்டே இருக்காங்க. நல்லா செவந்தப்புறம்தான் எண்ணெய். அப்புறம் பெர்பெரே, அது அவங்க மொளகாய்ப்பொடி. வெந்தயம், இஞ்சி, பூண்டு, அவங்க ஊர் ஏலக்காய் எல்லாம் சேர்ந்தது. அவசரப்பட்டா அந்த ருசி வராது.

மீனா பெரியம்மா: எல்லாரும் ஒரே தட்டுலயா? எச்சில் ஆகாதா?

கயல்: அவங்கவங்க முன்னால இருக்கற பக்கத்துல இருந்துதான் எடுக்கணும். வலது கை மட்டும். விரல நக்கினா மரியாதை இல்ல. உக்காந்ததும் செம்பும் கிண்ணமும் கொண்டுவந்து கையில தண்ணி ஊத்துவாங்க. ஆனா குர்ஷான்னு ஒண்ணு இருக்கு, பிரியமா உருட்டி அடுத்தவங்க வாயில ஊட்டறது. வேணாம்னா மனசு வருத்தப்படுவாங்க. நேத்து எங்க மேனேஜரம்மா எனக்கு ஊட்டினாங்க பெரியம்மா. வீட்ட விட்டு வந்தப்புறம் யாரும் எனக்கு ஊட்டினதில்ல, கண்ணு கலங்கிடுச்சு.

மீனா பெரியம்மா: அடி என் தங்கமே.

முருகேசன் சித்தப்பா: அந்தக் காலத்துல நம்ம ஊர்ல இருந்து நெறைய பேர் அங்க வாத்தியார் வேலைக்குப் போனாங்க. எங்க கணக்கு வாத்தியாரும் போனார்.

கயல்: ஆமா சித்தப்பா! பக்கத்து மேசை பெரியவர் ஒருத்தர் நான் இந்தியான்னதும் எழுந்து வந்து கையப் பிடிச்சுக்கிட்டார். பள்ளிக்கூடத்துல அவருக்கு இயற்பியல் எடுத்தது இந்திய வாத்தியாராம்.

செந்தில் மாமா: காப்பி உண்டா?

கயல்: காப்பி பொறந்த நாடு மாமா! பச்சைக் கொட்டைய நம்ம முன்னாலயே வறுத்து, அந்தப் புகைய எல்லார் மூக்குகிட்டயும் கொண்டுவந்து காட்டுவாங்க. ஜெபெனான்னு மண் கூஜாவுல காய்ச்சி மூணு சுத்து ஊத்துவாங்க. அபோல், தோனா, பரக்கா. மூணாவது ஆசீர்வாதம், குடிக்காம எழுந்திரிக்கக் கூடாது. ராத்திரி தூக்கம் வராது, சொல்லிட்டேன்.

மீனா பெரியம்மா: தெரியாம கறி வந்துடாதே?

கயல்: போசெனா ஷிரோ மட்டும் வேணாம், அதுல கறி போடுவாங்க. விரதச் சாப்பாட்டுலயே சில கடையில மீன் வைப்பாங்க, அங்க அதுக்குப் பேர் 'அசா'. 'யெத்சோம் பெயாய்நெத்து, அசா வேணாம்'னு, அதாவது பலவகை விரதச் சாப்பாட்டுத் தட்டு, மீன் வேணாம்னு நானே சொல்லிடுவேன். நீங்களும் நானும் மட்டும் ஒரு தட்டு. சரியா?

மீனா பெரியம்மா: உன்கூடன்னா சரி.

கயல்: அப்போ நீங்க வர்ற வெள்ளிக்கே மேசை சொல்லிடறேன். அவங்க கணக்குல ராத்திரி 1 மணி, நம்ம கணக்குல சாயங்காலம் 7. இங்க பகல் மணிய விடியக்காலைல இருந்தும் ராத்திரி மணிய பொழுது சாஞ்சதுல இருந்தும் எண்ணுவாங்க, ஊர்ல யாராவது நேரம் சொன்னா என்கிட்ட ஒரு தடவ கேட்டுக்கோங்க. ஊட்டிய விட உயரம் பெரியம்மா, ஸ்வெட்டர் மறக்காதீங்க.

முருகேசன் சித்தப்பா: எங்க ரெண்டு பேருக்கும் ஸ்வெட்டர் எடுத்து வச்சாச்சு.