பேரிடர் உதவிக்கு விண்ணப்பித்த பின் வரும் அழைப்பு ஃபெமாவுடையதுதானா?

கேள்வி (ஈரத்திண்ணை):
அமெரிக்காவில் வசிக்கிறோம். புயல் வெள்ளத்தில் வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் மூழ்கியதால், என் அம்மாவின் பெயரில், அந்நாட்டு நடுவண் அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமாவின் உதவிக்கு இணையம் வழியாக விண்ணப்பித்தோம். ஆறாம் நாள் ஒருவர் அம்மாவை அழைத்து, தாம் வீட்டைப் பார்வையிட வரும் ஆய்வாளர் என்றும், அதற்கு முன் பதிவெண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் வேண்டும் என்றும் கேட்டார். அம்மா பதறிப்போய் இணைப்பைத் துண்டித்துவிட்டார். மறுநாள், வேறு மாநிலத்தின் பகுதிக் குறியீடு கொண்ட இன்னொரு எண்ணிலிருந்து, ஆய்வுக்கு நேரம் குறிக்க வேண்டும் என்று குரல் செய்தி வந்திருந்தது. மோசடிக்காரர்கள் விடாமல் துரத்துகிறார்கள் என்று எண்ணி அதையும் விட்டுவிட்டோம். ஒருவேளை உண்மையான அழைப்பாக இருந்திருந்தால் எங்கள் விண்ணப்பம் என்ன ஆகும்?

மறுமொழி (கரையோரன்):
இரண்டு அழைப்புகளையும் ஒரே ஆள் செய்ததாக நீங்கள் எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் இருக்கிறது. முதல் அழைப்பு பெரும்பாலும் மோசடி. விண்ணப்பித்தபோது உங்களுக்குக் கிடைத்த 9 இலக்கப் பதிவெண், அனுப்பப்படும் ஆய்வாளரின் கையில் ஏற்கெனவே இருக்கும் என்பதால், அதை அவர் உங்களிடம் கேட்க வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பதும் அவர் வேலையன்று. இரண்டாவது அழைப்பு உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, ஏனெனில் பேரிடர்ப் பகுதிக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆய்வாளர்களை அனுப்புவதால், அவர்களுடைய எண்கள் உங்களுக்குப் பழக்கமில்லாத பகுதிக் குறியீட்டோடு வருவது வழக்கமே. இத்தகைய அழைப்புகளைத் தொடர்ந்து தவிர்த்தால் ஆய்வு நடக்காமல் விண்ணப்பம் தேங்கிவிடும்.

குரல் செய்தியில் உள்ள எண்ணைத் திருப்பி அழைக்காமல், ஃபெமாவின் உதவி எண்ணான 1-800-621-3362ஐ நீங்களாகவே அழைத்து, உங்கள் விண்ணப்பத்துக்கு ஆய்வாளர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். நீங்கள் யார் என்பதை உறுதிசெய்ய அங்கே உங்கள் விவரங்களைக் கேட்பார்கள். அழைத்தது நீங்கள் என்பதால் அதற்குத் தயங்க வேண்டாம். அம்மாவுக்கு ஆங்கிலம் சிரமமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம்.

மறுமொழி (நெடுஞ்சாலை):
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அழைப்பவர் எந்த எண்ணை வேண்டுமானாலும் திரையில் தோன்றச் செய்ய முடியும் என்பதால், ஃபெமாவின் பெயரோ அதன் உதவி எண்ணோ உங்கள் கைப்பேசியில் தெரிந்தாலும் அதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. இதனால்தான் வந்த அழைப்பிலேயே சரிபார்ப்பதைவிட, துண்டித்துவிட்டு நாமே அழைப்பது உறுதியான வழி.

ஆய்வாளர் வீட்டுக்கு வரும்போது புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஃபெமா என்று அச்சிட்ட சட்டை மட்டும் போதாது. (அப்படி ஒரு சட்டையை யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம்.) ஆய்வுக்கோ விண்ணப்பத்துக்கோ கட்டணம் கிடையாது. சேதத்தைப் பதிவுசெய்வது மட்டுமே ஆய்வாளரின் பணி, உதவித்தொகையை முடிவுசெய்வது அவர் அல்லர். ஆகவே இவ்வளவு பணம் வாங்கித் தருகிறேன் என்று வாக்களிப்பவரை நம்ப வேண்டாம். முதல் அழைப்பைப் பேரிடர் மோசடிப் புகார் எண்ணான 866-720-5721இல் தெரிவியுங்கள். அம்மா கணக்கு எண்ணைச் சொல்லியிருந்தால் வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

ஈரத்திண்ணை:
இருவருக்கும் நன்றி. கணக்கு எண்ணை அம்மா சொல்லவில்லை. பதிவெண்ணின் முதல் சில இலக்கங்களைச் சொல்லியிருக்கலாம் என்கிறார், சரியாக நினைவில்லை. உதவி எண்ணில் வெகுநேரம் காத்திருந்து பேசினோம். ஆய்வாளர் நியமிக்கப்பட்டிருப்பதும், குரல் செய்தியில் சொன்ன பெயர் அவருடையதே என்பதும் உறுதியாயின. வியாழக்கிழமை காலை வருகிறார். முதல் அழைப்பைப் பற்றிப் புகார் கொடுத்துவிட்டோம். அந்த எண்ணிலிருந்து இன்றும் இரண்டு முறை அழைப்பு வந்தது.