லோதி தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் வேண்டுமா?

தஞ்சைக்காரன்:

பொங்கலுக்கு முந்தின வாரம் குடும்பத்தோடு தில்லி போயிருந்தோம். செங்கோட்டை, குதுப் மினார் எல்லாம் பார்த்தாலும் எனக்குப் பிடித்துப்போனது லோதி தோட்டம்தான். ஜோர்பாக் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். உள்ளே போக ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஏறக்குறைய 90 ஏக்கர் புல்லும் மரமும், நடுநடுவே சையது, லோதி சுல்தான்கள் காலத்துக் கட்டிடங்கள். தலைக்கு மேலே கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போகிறது. ஊருக்கு நடுவில் இப்படி ஓர் இடமா என்று அசந்துபோனேன்.

ஆனால் அங்கே பார்த்த ஒரு காட்சி இன்னும் உறுத்துகிறது. அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

படா கும்பத் என்ற குவிமாடக் கட்டிடத்தை ஒட்டி ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. 1494-இல் கட்டியது. சுவரிலும் வளைவுகளிலும் சுதை வேலை: அரபு எழுத்து, கொடி, பூ, வட்டத்துக்குள் வட்டம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். பார்வையை நெஞ்சு உயரத்துக்கு இறக்கினால் வயிறு எரிகிறது. சாவியாலோ ஆணியாலோ கீறிய பெயர்கள். ஓர் இதயம், அதற்குள் இரண்டு ஆங்கில எழுத்து. அந்தக் கீறல் புதிது, பழுப்புச் சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கீழே தரையில் பொடி உதிர்ந்து கிடந்தது. என் மகள் அதை விரலால் தொட்டுப் பார்த்து, "அப்பா, இது ஐந்நூறு வருஷத்துப் பொடியா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

வெளியே புல்வெளியில் சிப்ஸ் பாக்கெட், ஆரஞ்சுத் தோல், தட்டுகள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் திருவிழாக் கூட்டம். பக்கத்தில் சுந்தர் நர்சரியில் கட்டணம் வாங்குகிறார்கள், இடம் பளிச்சென்று இருக்கிறது. லோதி தோட்டத்துக்கும் ஆளுக்கு 50 ரூபாய் வைத்தால் என்ன? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

லோதிகாலனிப்பெண்:

கூடவே கூடாது.

அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. அந்தக் கீறல்களைப் பார்த்து நானும் அழாத குறையாகத் திரும்பியிருக்கிறேன். ஆனால் நீங்கள் ஒரு நாள் பார்த்த தோட்டத்தில்தான் நான் வளர்ந்தேன். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை, லோதி காலனியில் குவார்ட்டர்ஸ். படித்தது லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில். எங்களுக்கு மொட்டை மாடியும் கிடையாது, முற்றமும் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் வீட்டுக்குள் தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும். வெயில் வேண்டுமென்றால் லோதி தோட்டம். அம்மா எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வருவாள், ஒரு பழைய ஜமுக்காளத்தை ஷீஷ் கும்பத் என்ற சமாதிக் கட்டிடத்துக்கு எதிரே விரிப்போம், சாயங்காலம் வரை அங்கேதான்.

நீங்கள் திருவிழாக் கூட்டம் என்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் வருகிறவர்கள் யார் என்று பார்த்தீர்களா? ஒற்றை அறையில் ஆறு பேர் இருக்கும் வீடுகளிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். ஆளுக்கு 50 என்றால் ஆறு பேருக்கு 300. அவர்கள் நிச்சயம் வரமாட்டார்கள். ஜோர்பாக் பங்களாக்காரர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

காலைநடை:

கட்டணத்துக்கு என் ஆதரவு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு பதினோரு வருடமாகத் தினமும் காலையில் இங்கே நடக்கிறேன். திங்கட்கிழமை காலை வந்து பாருங்கள். ஞாயிறு விட்டுப்போன குப்பையைக் காகமும் நாயும் இழுத்துப் புல்வெளி முழுக்கப் பரப்பி வைத்திருக்கும். துப்புரவுத் தொழிலாளிகள் குனிந்து குனிந்து பொறுக்குவார்கள். அவர்கள் முதுகும் முதுகுதானே? நடக்க வருகிற எங்களுக்கு மாத பாஸ் கொடுங்கள், பணம் கட்டுகிறோம். பிக்னிக் வருகிறவர்களும் கட்டட்டும்.

இன்னொன்று. சையது சுல்தான் முகம்மது ஷாவின் சமாதிக்குள் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றின்மேல் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள். நம் வீட்டுத் தாத்தா சமாதியில் அப்படி உட்காருவோமா?

சுதையும்கல்லும்:

கல்லறைமேல் உட்காருவது தப்புதான் சார். அதில் யாரும் உங்களோடு சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஆனால் கட்டணம் பற்றிப் பேசும்போது இந்தத் தோட்டம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இது சுல்தான்கள் போட்ட தோட்டம் இல்லை. 1936 வரை இங்கே கைர்பூர் என்று ஒரு கிராமம் இருந்தது. இந்தச் சமாதிகளைச் சுற்றியும் அவற்றின் நடுவிலும் மக்கள் குடியிருந்தார்கள், மாடு கட்டினார்கள். வைஸ்ராயின் மனைவி வில்லிங்டன் சீமாட்டி ஒரு பூங்கா அமைக்க விரும்பினார். கிராமத்தைக் காலி செய்து வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். 1936 ஏப்ரல் 9-ஆம் தேதி 'லேடி வில்லிங்டன் பார்க்' திறந்தது. 1947-க்குப் பிறகுதான் லோதி தோட்டம் என்று பெயர் மாறியது. இன்று நாம் பார்க்கிற வடிவம் 1968-இல் ஜோசப் ஸ்டைனும் காரெட் எக்போவும் திருத்தி அமைத்தது.

அதாவது சாமானிய ஜனங்களை ஒருமுறை வெளியேற்றித்தான் இந்தப் புல்வெளியே உண்டானது. இப்போது டிக்கெட் வைத்தால் அதே மாதிரி ஜனங்களை இரண்டாம் தடவையும் வாசலில் நிறுத்துகிறோம். எனக்கு அது ஆகாது.

அப்புறம், டிக்கெட் வைத்தால் கீறல் நின்றுவிடும் என்பதற்கு என்ன ஆதாரம்? உமாயூன் சமாதிக்கு 40 ரூபாய் டிக்கெட் உண்டு. பழைய கட்டிடத்தில் பெயர் கீறுகிறவன் அந்த 40 ரூபாயைக் கட்டிவிட்டும் கீறுவான். 'காசு கொடுத்துத்தானே வந்தேன்' என்ற தைரியம் வேறு சேர்ந்துகொள்ளும். சட்டம் இல்லாமலும் இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அது அந்தப் பையனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தஞ்சைக்காரன்:

கைர்பூர் விஷயம் எனக்குத் தெரியாது. படித்ததும் மனம் கனத்துப்போனது. நன்றி.

ஆனாலும் ஒரு கேள்வி. கிராமத்து மக்கள் அங்கே குடியிருந்தபோது சுவர் பத்திரமாக இருந்ததா, இல்லையா? அடுப்புப் புகை, மாட்டுக் கயிறு எல்லாம் இருந்திருக்கும். இப்போது நம் கையில் இருப்பது மிஞ்சியது மட்டும்தான். புல் அழிந்தால் முளைக்கும். மரம் விழுந்தால் இன்னொன்று நடலாம். சுதைப்பூ ஒன்று உதிர்ந்தால் எந்தக் கொத்தனாரும் அந்தப் பழைய கையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஏழைகள் வர வேண்டும், நானும் அதைத்தான் விரும்புகிறேன். அவர்கள் பிள்ளைகள் வரும்போது அங்கே சுதை மிச்சம் இருக்க வேண்டாமா?

லோதிகாலனிப்பெண்:

அண்ணா, நீங்கள் தஞ்சாவூர். உங்களிடமே கேட்கிறேன். பெரிய கோயிலும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில்தான் இருக்கிறது. டிக்கெட் உண்டா? சாயங்காலமானால் பாதி ஊர் அந்தப் பிராகாரத்தில்தான் உட்கார்ந்திருக்கும். குழந்தைகள் ஓடும், பாட்டிகள் காலை நீட்டிக் கதை பேசுவார்கள். யாராவது வந்து, 'விமானத்தைக் காப்பாற்ற 50 ரூபாய் வைக்கலாம்' என்றால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?

தஞ்சைக்காரன்:

ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அது வழிபாடு நடக்கிற கோயில் அம்மா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனதும் அடங்கிவிடுகிறது. லோதி தோட்டத்துக்கு வருகிறவர்களுக்கு அந்தச் சமாதிகளோடு என்ன உறவு? சிக்கந்தர் லோதி யார் என்று கேட்டால் பத்தில் ஒருவர்கூடச் சொல்லமாட்டார். உறவு இல்லாத இடத்தில் ஒரு கட்டுப்பாடாவது வேண்டும் என்கிறேன்.

நொய்டாமாணவன்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அந்த இதயத்துக்குள் எழுதுகிற வயதுதான் எனக்கும். நானும் என் தோழியும் மாதம் ஒருமுறையாவது லோதி தோட்டம் போவோம். ஒரு முறைகூடச் சுவரைத் தொட்டதில்லை. தில்லியில் எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து பேச எங்கே இடம் இருக்கிறது? காபிக் கடையில் இரண்டு காபிக்கே 500 ரூபாய் ஆகிவிடும். பூங்காவில் ஜோடியாக உட்கார்ந்தாலே முறைக்கிறார்கள். இங்கே யாரும் முறைப்பதில்லை. கட்டிடத்தைக் கெடுப்பவர்கள் என்றாலே எங்கள் மேல்தான் கண் போகிறது என்பதால் எழுதினேன்.

காலைநடை:

தம்பி, உங்களைச் சொல்லவில்லை. எட்டு மணிக்கு மேல் நானும் அங்கே பெஞ்சில் பார்க்கிற ஜோடிகள் யாருக்கும் தொந்தரவு இல்லாமல்தான் இருக்கிறார்கள். குப்பையைப் பற்றித்தான் என் பேச்சு.

சுதையும்கல்லும்:

தஞ்சைக்காரன் கேட்ட 'என்ன உறவு' என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த விவாதத்தின் முடிச்சு அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உறவு தானாக வராது, யாராவது காட்டித்தர வேண்டும். எனக்குக் காட்டித்தந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். முதலில் முகம்மது ஷா சமாதிக்குக் கூட்டிப்போனார். 1444-இல் கட்டியது, எண்கோணம். கூரையில் குவிமாடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சத்திரிகள் (தூண்கள் தாங்கும் குடை போன்ற மண்டபங்கள்), மூலைகளில் சரிந்து இறங்கும் முட்டுச்சுவர்கள். பிறகு தோட்டத்தின் மறுகோடியில் சிக்கந்தர் லோதி சமாதிக்கு நடத்திப்போனார். அதுவும் எண்கோணம்தான், ஆனால் சத்திரிகளைக் காணோம். 'எழுபது வருடத்தில் என்ன மாறியிருக்கிறது, நீங்களே கண்டுபிடியுங்கள்' என்றார். நாங்கள் ஓடி ஓடிப் பார்த்தோம். இங்கே உள்ளே இரட்டைக் குவிமாடம், சுற்றிலும் கோட்டை மாதிரி மதில், மதிலுக்குள் தோட்டம். சமாதியைத் தோட்டத்துக்குள் வைக்கிற அந்த வழக்கம் பிறகு உமாயூன் சமாதியில் பெரிதாக விரிந்தது என்று அவர் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1517-இல் சிக்கந்தர் இறந்த பிறகு மகன் இப்ராகிம் கட்டியது. அந்த இப்ராகிம் 1526-இல் பானிபட்டில் பாபரோடு போரிட்டு விழுந்தார், லோதி வம்சமே அதோடு முடிந்தது. தகப்பனுக்கு இவ்வளவு பெரிய மதில் கட்டியவர் போர்க்களத்திலேயே கிடக்கிறார்.

இதைக் கேட்ட ஒரு பிள்ளையும் எங்கள் வகுப்பில் சுவரில் கை வைத்ததில்லை. நாங்கள் நாற்பது பேர். இலவசமாகப் போனதால்தான் நாற்பது பேரையும் அவரால் கூட்டிப்போக முடிந்தது. 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு உமாயூன் சமாதியிலும் டிக்கெட் இல்லைதான், ஆனால் கூட வருகிற பெற்றோருக்கு உண்டே.

தஞ்சைக்காரன்:

இவ்வளவு நேரம் நான் கட்டிடங்களைப் பார்த்துவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். சத்திரி இருந்ததும் இல்லாததும் என் கண்ணில் படவே இல்லை.

சரி, தோட்டம் முழுவதற்கும் கட்டணம் என்பதை விட்டுவிடுகிறேன். அந்தப் பள்ளிவாசலை மட்டும் பிரித்துப் பாருங்கள். படா கும்பத்தில் கல்லறையே இல்லை, வெறும் கூடம், அங்கே எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கட்டும். ஷீஷ் கும்பத்தில் மிச்சமிருக்கும் நீல ஓடுகள் வெளியே உயரத்தில் இருக்கின்றன. பள்ளிவாசலின் சுதைதான் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. அதற்குள் மட்டும் டிக்கெட் வையுங்கள். அந்தப் பணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதலாக இரண்டு ஆள் போடலாம்.

லோதிகாலனிப்பெண்:

ஆள் போடுவது சரி. டிக்கெட்டுக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை. இருக்கிறதிலேயே அழகான சுவரைக் காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் ஒதுக்கிவைப்பது எப்படி நியாயம்? உணவு வேண்டுமானால் கட்டிடத்துப் படிக்கட்டிலிருந்து தள்ளி, புல்வெளியில் மட்டும் என்று வையுங்கள். அதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்தாள், போகும்போது ஒரு துணிப்பை எடுத்துப்போய்த் தோலையெல்லாம் அதில் போட்டு வீட்டுக்கே கொண்டுவருவாள்.

காலைநடை:

துணிப்பை நல்ல பழக்கம், ஆனால் ஆயிரம் பேர் வருகிற இடத்தில் எத்தனை அம்மாக்களை நம்புவது? என் கருத்தில் மாற்றமில்லை. கட்டணம் வேண்டும். தோட்டத்துக்குள் இருக்கிற அட்புலாப் பாலத்துப் பக்கம் போய்ப் பாருங்கள், அக்பர் காலத்து ஏழு வளைவுக்குக் கீழே தண்ணீரில் என்ன மிதக்கிறது என்று.

லோதிகாலனிப்பெண்:

சார், நீங்கள் காலையில் நடக்கிறீர்கள், நான் ஞாயிறு பத்து மணிக்கு எங்கள் பிளாக்குப் பிள்ளைகளோடு போகிறேன். ஒன்பது பேர். ஒருநாள் நீங்களும் இருந்து பாலத்தைப் பற்றிச் சொல்லுங்களேன். எனக்கு வெயிலும் எலுமிச்சை சாதமும்தான் தெரியும், சத்திரிக் கணக்கெல்லாம் இன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். இந்த முறை ஜமுக்காளம் விரிப்பதற்கு முன்னால் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போகப் போகிறேன்.

காலைநடை:

பத்து மணி எனக்கு வெயில் நேரம். ஒன்பதரைக்கு வந்தால் பாலத்தருகே நிற்கிறேன். குப்பைப்பையும் எடுத்துவருகிறேன்.

தஞ்சைக்காரன்:

மகளிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அவள் அங்கே எடுத்த படங்களை மறுபடி பார்த்தோம். ஒன்றில் பள்ளிவாசலின் ஒரு வளைவு முழுசாகப் பதிவாகியிருக்கிறது. கீழ்ப்பாதி முழுக்கப் பெயர்கள். ஓர் ஆள் கையை உயர்த்தினால் எட்டுகிற அளவுக்கு மேலே எழுத்தும் கொடியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அப்படியே இருக்கின்றன. பள்ளிவாசலுக்கு டிக்கெட் வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். பிள்ளைகளிடம் அந்த மேல்பாதியைக் காட்டுங்கள் அம்மா. நேராக நின்றால் தெரியாது, கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.