புதிய கைபேசியின் கேமராவை எப்படிச் சோதித்தீர்கள்? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு

நண்பர்களுக்கு வணக்கம். நடுப்பகல் வெளிச்சத்தில் அசையாமல் நிற்கும் ஒருவரை இன்றைய கைபேசிகளில் எதைக் கொண்டு எடுத்தாலும் படம் நன்றாகவே வரும். ஆகவே அத்தகைய படங்களை வைத்து ஒரு கேமராவின் தரத்தைத் தீர்மானிப்பதில் பொருளில்லை என்று கருதுகிறேன். வெளிச்சம் குறையும்போதும், எதிரில் இருப்பவர் அசையும்போதும், பின்னால் ஒரு ஜன்னல் பளீரென்று ஒளிரும்போதும் அந்தக் கேமரா எவ்வளவு தடுமாறுகிறது என்று பார்த்தால்தான், உள்ளே இருக்கும் சென்சாரும் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) லென்ஸும் எத்தகையவை என்பது தெரியவரும். உறுப்பினர்கள் தாம் நேரில் கண்டதை எழுதினால், புதிதாக வாங்கவிருப்பவர்களுக்கு விளம்பரங்களில் கிடைக்காத தெளிவு கிடைக்கும். முதலில் நான் கண்டதை எழுதுகிறேன்.

என் அக்கா மகள் இரண்டு கைபேசிகளுக்கு இடையே முடிவெடுக்க முடியாமல் என்னிடம் கேட்டாள். ஒன்றில் 108 மெகாபிக்சல் கேமரா, மற்றொன்றில் 50 மெகாபிக்சல் கேமரா. அந்த இரண்டு மாடல்களும் அவளுடைய தோழியரிடம் இருந்தன. ஒரு மாலை நேரத்தில், ஒரே விளக்கு எரியும் அறையில், தவழ்ந்துகொண்டிருந்த ஒரு குழந்தையை இரண்டாலும் மாறி மாறிப் படமெடுத்தோம். கைபேசித் திரையில் சிறிதாகப் பார்த்தபோது 108 மெகாபிக்சல் படமே வெளிச்சமாகவும் கவர்ச்சியாகவும் தோன்றியது. இரண்டையும் கணினிக்கு மாற்றிப் பெரிதாக்கியபோதோ, அதில் குழந்தையின் விரல்கள் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. முடியிழைகள் ஈரத் தூரிகையால் இழுத்துவிட்டது போல் ஒரே திட்டாகக் கிடந்தன. மற்றப் படம் சற்று இருண்டிருந்தாலும் ஐந்து விரல்களும் தனித்தனியே தெரிந்தன. கோப்பின் விவரங்களைத் திறந்ததும் காரணம் விளங்கியது. முதல் கைபேசி 1/17 நொடி நேரம் ஒளியை வாங்கியிருந்தது. இரண்டாவது 1/50 நொடியில் வேலையை முடித்திருந்தது. தவழும் குழந்தையின் கை 1/17 நொடிக்குள் இடம் மாறிவிடும். அதனால் ஏற்படும் கலங்கலை மென்பொருளால் முழுமையாகச் சரிசெய்ய இயலாது.

மெகாபிக்சல் அதிகமாக இருந்தும் ஏன் இப்படி என்று அவள் கேட்டாள். பெரும்பாலான 108 மெகாபிக்சல் சென்சார்கள் வழக்கமான முறையில் ஒன்பது பிக்சல்களை (ஒளியை வாங்கும் நுண்புள்ளிகளை) ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. 48, 50 மெகாபிக்சல் சென்சார்கள் நான்கு நான்காகச் சேர்த்து ஏறத்தாழ அதே அளவில் வந்து நிற்கின்றன. 2018 ஜூலையில் சோனி அறிவித்த ஐஎம்எக்ஸ் 586 என்ற 48 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), நான்கு சேர்ந்தால் 1.6 மைக்ரான் பிக்சல் ஒன்றைப் போல் வேலை செய்யும். அதற்கு முன்பே, 2012-இல், நோக்கியா 808 பியூர்வியூ தன் 41 மெகாபிக்சல் சென்சாரின் பல பிக்சல்களைச் சேர்த்து 5 மெகாபிக்சல் அளவில் தெளிவான படங்களைத் தந்தது. ஆக, பெட்டியின் மேல் இருக்கும் எண் எதுவானாலும், ஒளியை வாங்குவதற்குச் சென்சாரில் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பதுதான் கேள்வி. 108 மெகாபிக்சல் என்ற ஒரே பெயரில் 1/1.33 அங்குல வகைச் சென்சாரும் உண்டு, 1/1.67 அங்குல வகைச் சென்சாரும் உண்டு. பின்னத்தின் கீழே இருக்கும் எண் கூடக்கூடச் சென்சார் சிறிதாகும்; இந்த இரண்டுக்கும் இடையே பரப்பில் ஒன்றரை மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. (இந்த அங்குலக் கணக்கு பழைய வீடியோ கேமராக் குழாய்களின் காலத்திலிருந்து வருவதால் சென்சாரின் நேரடி அளவைக் குறிக்காது, 1/2 அங்குல வகையைச் சேர்ந்த ஐஎம்எக்ஸ் 586-இன் மூலைவிட்டம் 8 மில்லிமீட்டர்தான்.) லென்ஸின் துளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைக் குறிக்கும் எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். எஃப் 1.8 லென்ஸ், எஃப் 2.4 லென்ஸைவிட முக்கால் பங்குக்கு மேல் கூடுதல் ஒளியை உள்ளே விடுகிறது. அந்த மாலையில் நாங்கள் கண்ட வேறுபாட்டுக்குச் சென்சாரின் பரப்பும் லென்ஸின் துளையும் காரணமாக இருந்திருக்கலாம்.

நிகழ்ச்சிகளில் புகைப்படம் எடுக்கும் உறுப்பினர்

மேலே எழுதிய நண்பர் குறிப்பிட்ட, ஒளியை வாங்கும் நேரமான ஷட்டர் நேரத்தையே நானும் முதலில் பார்ப்பேன். அடுத்து, கைபேசியின் பின்புறம் தெரியும் மூன்று நான்கு வட்டங்களில் எத்தனை உண்மையில் உழைக்கின்றன என்று பார்ப்பேன்.

என் உதவியாளர் வாங்கிய கைபேசியில் மூன்று மடங்கு ஜூம் தரும் லென்ஸ் தனியாக இருந்தது. பகலில் அதன் படங்கள் அருமையாக இருந்தன. அரங்கத்துக்குள் மேடையை எடுத்தபோது அதே மூன்று மடங்கில் முகங்கள் எல்லாம் மழுங்கிப்போயின. கேமராவை அப்படியே வைத்துக்கொண்டு ஜூம் லென்ஸை மட்டும் விரலால் மூடும்படி அவரிடம் சொன்னேன். திரை இருளவில்லை, மேடை முன்பு போலவே தெரிந்தது. வெளிச்சம் போதாது என்று கணித்த கைபேசி, தானாகவே முதன்மைக் கேமராவுக்கு மாறி, அதன் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. ஜூம் லென்ஸுக்குப் பின்னால் பெரும்பாலும் சிறிய சென்சாரே இருப்பதாலும் அதன் துளை குறுகலாக இருப்பதாலும் பல நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டைச் செய்கின்றன. பொருள் மிக அருகில் இருக்கும்போதும் இதே மாற்றம் நடக்கும். ஏற்பாட்டில் தவறில்லை, ஆனால் மங்கலான வெளிச்சத்தில் ஜூம் வேண்டும் என்பதற்காகவே கூடுதல் பணம் கொடுப்பவர், அது கிடைக்கிறதா என்பதை இந்த எளிய விரல் சோதனையால் வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளலாம்.

அகலக் கோண லென்ஸைச் சோதிக்கும்போது, நேர்கோடுகள் நிறைந்த ஒரு சுவரை எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்ப்பது என் வழக்கம். ஒரே காட்சியை முதன்மை லென்ஸிலும் அகலக் கோண லென்ஸிலும் எடுத்து நிறங்களை ஒப்பிடுவதும் அவசியம். மணப்பெண்ணின் புடவை ஒன்றில் செந்நிறமாகவும் மற்றொன்றில் ஊதா கலந்தும் வந்தால் இரண்டையும் ஒரே தொகுப்பில் வைக்க முடியாது. மிக அருகிலிருந்து எடுப்பதற்கான 2 மெகாபிக்சல் மேக்ரோ, 2 மெகாபிக்சல் ஆழம் அளக்கும் கேமரா ஆகியவற்றைப் பற்றி எழுத எனக்கு எதுவுமில்லை. அவை இல்லாமல் வரும் கைபேசியை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

முகங்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அழகூட்டும் வசதியை முற்றிலும் அணைத்த பிறகும் சில கைபேசிகள் தோலை வழித்துவிட்டது போல் ஆக்கிவிடுகின்றன. இளையவர்களின் படத்தில் இது எளிதில் கண்ணுக்குப் படாது. முதியவர் ஒருவரைப் பக்கவாட்டு ஒளியில் எடுத்துப் பாருங்கள். நெற்றிக் கோடுகளும் கன்னத்துச் சுருக்கங்களும் இருக்கின்றனவா, மறைந்துவிட்டனவா என்பது உடனே தெரியும். பாட்டியின் முகத்தை வேறொருவர் முகமாக மாற்றித் தரும் கேமரா, எத்தனை மெகாபிக்சலானாலும் எனக்கு வேண்டாம்.

பள்ளி ஆசிரியையான உறுப்பினர்

பெரிய சென்சாரே எல்லாவற்றுக்கும் விடை என்ற எண்ணம் இந்த உரையாடலில் உருவாகிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் பெரும்பாலும் கைபேசியால் எடுப்பவை புத்தகப் பக்கங்களும் மாணவர்களின் விடைத்தாள்களும்தான். என்னுடன் பணிபுரிபவரின் விலை உயர்ந்த கைபேசியில் பக்கத்தின் நடுவில் எழுத்துகள் கூர்மையாகவும் ஓரங்களில் கலங்கியும் வந்தன. என்னுடைய சாதாரணக் கைபேசியில் பக்கம் முழுவதும் ஒரே சீராக இருந்தது. சென்சாரின் பரப்பும் லென்ஸின் துளையும் பெரிதாகும்போது ஃபோக்கஸில் நிற்கும் ஆழம் குறைகிறது. லென்ஸ் ஃபோக்கஸ் செய்யக்கூடிய மிகக் குறைந்த தூரமும் பெரும்பாலும் கூடிவிடுகிறது. அவர் சற்றுப் பின்னால் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்ததும் ஓரங்களும் தெளிந்துவிட்டன. எந்தப் பயனுக்காக வாங்குகிறோமோ அதையே அந்தக் கைபேசியால் எடுத்துப் பார்ப்பது நல்லது.

நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாதிரிப் படங்களை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். வழக்கமான முறையில் அனுப்பும்போது படத்தின் அளவு சுருக்கப்படுகிறது, ஷட்டர் நேரம் முதலிய விவரங்களும் நீங்கிவிடுகின்றன. ஆவணமாக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பு அப்படியே வந்து சேரும்.

கைபேசி பழுதுபார்க்கும் உறுப்பினர்

என்னிடம் வரும் கேமராப் புகார்களில் கணிசமானவை லென்ஸின் மேல் ஒட்டியிருக்கும் பொருளால் வருபவை. புதிய கைபேசியுடன் வரும் பாதுகாப்புத் தாளை எடுக்காமலே பயன்படுத்துகிறார்கள். அல்லது கேமராவுக்கென்று தனியாக ஒரு கண்ணாடியை ஒட்டிவிட்டு, இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளி சிதறுகிறது என்று வருகிறார்கள். அவற்றை நீக்கித் துடைத்த பிறகுதான் எந்தச் சோதனையையும் தொடங்க வேண்டும்.

பெட்டியைத் திறந்த அன்றே செய்ய வேண்டிய சோதனைகள் உண்டு. வெள்ளைத் தாள் ஒன்றைச் சீரான வெளிச்சத்தில் எடுத்தால் லென்ஸுக்குள் இருக்கும் தூசி புள்ளியாகத் தெரியும். லென்ஸைக் கையால் முழுவதும் மூடிப் படமெடுத்தால் பழுதான பிக்சல்கள் வண்ணப் புள்ளிகளாக ஒளிரும். அச்சிட்ட செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டி, கேமராவை அதற்கு நேர் எதிராக நிறுத்தி எடுங்கள். இடப்பக்க எழுத்துகள் தெளிவாகவும் வலப்பக்கம் மட்டும் மங்கியும் இருந்தால் லென்ஸ் சாய்ந்து பொருத்தப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஒரே மாடலில் ஒரு கைபேசி சரியாகவும் அடுத்தது சாய்ந்தும் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். இதை மென்பொருள் புதுப்பிப்பு சரிசெய்யாது. மாற்றித் தரும் காலக்கெடுவுக்குள் திருப்பிக் கொடுப்பதே வழி.

ஓஐஎஸ் எனப்படும் அதிர்வுத் தடுப்பு வசதியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நம் கை நடுங்கும்போது லென்ஸையோ சென்சாரையோ எதிர்த்திசையில் நகர்த்தி அது படத்தைக் காக்கிறது. 2012-இல் வந்த நோக்கியா லூமியா 920-இலேயே இது இருந்தது. அசையாத பொருள்களுக்கு இரவில் இது பேருதவி. தொடக்கப் பதிவில் வந்த குழந்தையைப் போல எதிரில் இருப்பவரே அசைந்தால் இதனால் பயனில்லை. வீடியோவில் மட்டும் மென்பொருளால் ஓரங்களை வெட்டி நிலைப்படுத்தும் முறைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. வீடியோவுக்கு மாறியதும் காட்சி சட்டென்று குறுகினால் மென்பொருள் முறை இயங்குகிறது என்று கொள்ளலாம். ஓஐஎஸ் உள்ள கைபேசியை மெல்ல அசைத்தால் உள்ளே சிறு ஓசை கேட்கலாம். கேமராவைத் திறந்ததும் அது நின்றுவிடும். அதைப் பழுது என்று எண்ணிப் பலர் அஞ்சி வருகிறார்கள், அஞ்சத் தேவையில்லை.

கேமராவைத் தனியாகப் பார்ப்பதும் போதாது. ப்ராசசரும் ஸ்டோரேஜும் ஈடுகொடுக்காவிட்டால் நல்ல சென்சாரும் வீணாகும். பொத்தானை அழுத்தி முடித்தபின் அடுத்த படத்துக்கு எவ்வளவு காத்திருக்க நேர்கிறது என்று கவனியுங்கள். பழைய இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் இயலாதது. புதிய வகையான யூஎஃப்எஸ் இரண்டையும் சேர்த்துச் செய்யும். தொடர்ச்சியாகப் பல படங்களை எடுக்கும்போது இந்த வேறுபாடு கையிலேயே தெரியும். ஸ்டோரேஜின் ஒரு பகுதியை ரேமாகக் கணக்கிட்டுக் காட்டும் விளம்பரங்கள் இதற்கு உதவா. 4கே வீடியோவைக் கால் மணி நேரம் இடைவிடாமல் பதிவுசெய்து, கைபேசி சூடாகிறதா, திரை மங்குகிறதா, கேமரா தானாக மூடிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். கேமராவை முழுக் கட்டுப்பாட்டுடன் பயன்படுத்த விரும்புவோர், செயலிகள் கேமராவைக் கட்டுப்படுத்துவதற்காக 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0-உடன் வந்த கேமரா2 வசதி எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கைபேசியின் விவரங்களைக் காட்டும் செயலி ஒன்றில் பார்க்கலாம். 'ஃபுல்' அல்லது 'லெவல் 3' என்று இருந்தால் ஷட்டர் நேரத்தையும் ஐஎஸ்ஓவையும் (ஒளிக்கான உணர்திறன்) வேறு செயலிகளிலிருந்தும் நாமே அமைத்துக்கொள்ளலாம்.

தொடக்கப் பதிவை எழுதியவர்

ஆசிரியை குறிப்பிட்ட ஓர மங்கல் எனக்குப் புதிய செய்தி. என் அக்கா மகளும் பாடக் குறிப்புகளையே அதிகம் படமெடுப்பவள் என்பதால் அவள் தேர்ந்தெடுத்த கைபேசியில் இதையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

நிறுவனங்கள் வெளியிடும் மாதிரிப் படங்களைப் பற்றி இங்கே இன்னும் யாரும் எழுதவில்லை. 2012 செப்டம்பரில் லூமியா 920-இன் அதிர்வுத் தடுப்பைக் காட்டிய விளம்பர வீடியோ அந்தக் கைபேசியால் எடுக்கப்படவில்லை என்று தெரிந்ததும் நோக்கியா மன்னிப்புக் கேட்டது. 2016-இல் ஹுவாவே தன் பி9 கைபேசியை முன்னிறுத்திப் பகிர்ந்த படம் ஒன்றின் கோப்பு விவரங்களில் கேனான் 5டி மார்க் 3 கேமராவின் பெயர் இருந்தது. அதன்பின் அந்தப் படம் நீக்கப்பட்டது. லூமியா 920-இல் அந்த வசதி உண்மையாகவே இருந்தது என்பதை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது. கோப்பின் விவரங்களைப் படிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

செல்ஃபிக் கேமராவும் விடுபட்டிருக்கிறது. பல கைபேசிகளில் அதற்கு ஃபோக்கஸ் மாற்றும் வசதி கிடையாது; கை நீளும் தூரத்துக்கென்று நிரந்தரமாக அமைக்கப்பட்டிருக்கும். மேசையில் சாய்த்து வைத்து எட்ட அமர்ந்து வீடியோ அழைப்பில் பேசுபவர்களுக்கு முகம் சற்று மங்கலாகத் தெரிவதற்கு இதுவும் காரணமாகலாம். தானியங்கி ஃபோக்கஸ் உள்ள முன்கேமராவை யாரேனும் பயன்படுத்தியிருந்தால், தூரத்திலும் குழுவாக எடுக்கும்போதும் அது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.