புதுப்பிப்பு: குறைந்த செலவில் புது வீட்டுக்கு ஒரு தனி முகம்

புது வீட்டின் கூடம் வெறிச்சோடிக் கிடக்கிறது, கையிருப்பும் குறைவு, எங்கிருந்து தொடங்குவது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். விளக்கிலிருந்து தொடங்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளைக் குழல்விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கொன்றை ஏற்றியதும் அதே சுவர் வேறு சுவராகத் தெரிந்தது. திரைச்சீலைக் கம்பியையும் சன்னலுக்கு மேல் ஒரு சாண் உயர்த்திவிட்டோம்.

பாட்டியின் மரப்பெட்டியை உப்புத்தாளால் தேய்த்தபோது, கறுத்த பூச்சுக்கு அடியிலிருந்து மரத்தின் வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்ததைக் கண்டு, வண்ணம் பூசும் எண்ணத்தைக் கைவிட்டு, ஆளிவிதை எண்ணெய் மட்டும் தடவினேன். (அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்; அது தானாகவே தீப்பற்றக்கூடும், விரித்துக் காயவையுங்கள்.) இப்போது கூடத்தின் நடுவில் இருப்பது அந்தப் பெட்டிதான். எதிர்ச்சுவரை மட்டும் இன்னும் வெறுமையாகவே விட்டுவைத்திருக்கிறேன்.