லேசர் டையோடு ஹவுசிங்: பிளாஸ்டிக்ல பண்ணது இளகிப்போச்சு, என்ன பண்ணலாம்?

பர்கூர்_கல்பட்டறை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமா பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறை வச்சிருக்கார். ஸ்லாப்பை பிளேடுக்கு நேரா வைக்க இன்னும் சாக்பீஸ் கோடுதான், தண்ணி பட்டா அழிஞ்சுடும். மேல இருந்து சிவப்புக் கோடு விழற மாதிரி ஒண்ணு பண்ணித் தரேன்னு வாயை விட்டுட்டேன். செத்துப்போன டிவிடி ரைட்டரைப் பிரிச்சு சிவப்பு லேசர் டையோடு எடுத்தேன். கரண்டை ஒரே அளவுல வைக்க எல்எம்317 ரெகுலேட்டர் ஐசி போட்டு 250 மில்லி ஆம்பியர் கொடுத்தேன். ஹவுசிங், அதாவது டையோடு உக்கார்ற கூடு, காலேஜ் த்ரீடி பிரிண்டர்ல போட்டது, பிஎல்ஏ பிளாஸ்டிக். முதல் அஞ்சு நிமிஷம் ஊசிமுனை மாதிரி புள்ளி. அப்புறம் பெருத்துப் பெருத்து கடைசியில பணியாரம் சைசு. கழட்டிப் பார்த்தா டையோடு உக்கார்ந்த குழியே ஒரு பக்கமா சரிஞ்சிருக்கு. இதுக்கு ரெடிமேடா எதாவது கிடைக்குமா, இல்ல லேத்துல போடணுமா?

ஓசூர்_லேத்:
சரியாம என்ன தம்பி பண்ணும்? கணக்குப் போடு. 2.4 வோல்ட், 250 மில்லி ஆம்பியர்னா 0.6 வாட் உள்ள போகுது. அதுல பாதிகூட வெளிச்சமா வராது. மிச்சமெல்லாம் சூடு, அந்த 5.6 எம்எம் விளிம்பு வழியாத்தான் வெளிய போகணும். பிஎல்ஏ 60 டிகிரியிலயே இளகும், சூட்டையும் கடத்தாது. டையோடு சூடாக ஆக வெளிச்சம் மங்கும். மங்குதேன்னு கரண்டை ஏத்துவே, அதோட டையோடுக்குப் பால்தான்.

ரெடிமேட் இருக்கு. 12 எம்எம் பித்தளைக் குழல், லென்ஸோட ஆன்லைன்ல வரும். 5.6 எம்எம் டையோடுக்குத் தனி, 9 எம்எம் டையோடுக்குத் தனி, பார்த்து வாங்கு. லென்ஸ் மரை பெரும்பாலும் எம்9, பிட்ச் 0.5. அந்த மரை வெட்டற டேப்பைத் தேடி அலையாதே, குழலையே வாங்கிடு.

போன வருஷம் ரெண்டு பசங்க கேட்டாங்கன்னு நானே முழுசா போட்டுப் பார்த்தேன். 5.6 டிரில்லை நேரா விட்டேன். டிரில் எப்பவும் கொஞ்சம் அகலமாத்தான் ஓட்டும்னு தெரிஞ்சும் அன்னிக்கு அவசரம். டையோடு உள்ள லொடலொடன்னு ஆடுச்சு, நல்ல அலுமினியத் துண்டு ஸ்கிராப்புக்குப் போச்சு. அப்புறம் பித்தளைக் குழலை வாங்கி, 25 எம்எம் சதுர அலுமினியக் கட்டையில 12 எம்எம்முக்கு ஓட்டை போட்டேன். ஆக்ஸா பிளேடால நீளவாக்குல ஒரு வெட்டு, குறுக்கே எம்3 ஸ்க்ரூ. முறுக்கினா கட்டை குழலைக் கவ்விக்கும், சூடும் கட்டைக்கு இறங்கிடும். இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

குழல்ல டையோடை இறக்கும்போது விளிம்புல மட்டும்தான் அழுத்தம் விழணும். கால் மூணும் உள்ள நுழையற மாதிரி சின்னக் குழாய் ஒண்ணு வச்சு, வைஸ்ல மெல்ல முறுக்கு. லென்ஸ் மரை ஆடினா தண்ணிக் குழாய்க்குச் சுத்தற டெஃப்லான் டேப் ஒரு சுத்து போதும்.

பாலக்கோடு_ரேடியோ:
அண்ணன் சொன்னது சரி. நான் கரண்டு பக்கம் ஒண்ணு சொல்றேன். டையோடு கேஸ் பெரும்பாலும் ஏதோ ஒரு காலோட சேர்ந்திருக்கும். கட்டையை மெஷின் பாடியில போல்ட் போட்டா அந்தக் காலும் மெஷினும் ஒண்ணாயிடும். டிரான்சிஸ்டருக்கு வைக்கிற மைக்கா ஷீட்டும் நைலான் புஷ்ஷும் நடுவுல போடுங்க. பட்டறையில மோட்டார் ஆன் ஆஃப் ஆகும்போது அடிக்கிற ஸ்பைக் ஒண்ணே போதும், டையோடு காலி.

பர்கூர்_கல்பட்டறை:
ரொம்ப நன்றிண்ணா. பித்தளைக் குழல் ஆர்டர் போட்டுட்டேன். பாலிஷ் போட்ட ஸ்லாப்ல வச்சு டெஸ்ட் பண்ணப் போறேன். கண்ணுக்குப் பிரச்சனை இல்ல, காலேஜ்ல லேசரால செதுக்கற மெஷினோட வந்த ஆரஞ்சுக் கண்ணாடி இருக்கு.

ஓசூர்_லேத்:
தம்பி, நிறுத்து. அந்தக் கண்ணாடி 450 நானோமீட்டர் நீலத்துக்கு. உன் டையோடு 650 பக்கம், சிவப்பை அது அப்படியே உள்ள விடும். போட்டுக்கிட்டே புள்ளியைப் பளிச்சுன்னு பார்த்திருப்பியே, அப்பவே சந்தேகம் வர வேணாமா? பாலிஷ் போட்ட கருங்கல் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி. அங்க இருந்து தெறிக்கிறது எதிர்ல நிக்கிற ஆளோட கண்ணுல போகும்.

கோடு காட்ட இவ்வளவு பவர் எதுக்கு? 5 மில்லிவாட் லைன் மாட்யூல் வாங்கு, கோடு விரிக்கிற லென்ஸ் அதுலயே இருக்கும். அதுவும் 12 எம்எம் சைசுல கிடைக்குது, நான் சொன்ன அதே கட்டையில உக்காரும். ஷெட் வெளிச்சத்துல சிவப்பு எடுபடலேன்னா பச்சை வாங்கு, அதே மில்லிவாட்டுக்குப் பச்சைதான் கண்ணுக்குப் பிரகாசமாத் தெரியும். எதுவானாலும் நேரா உத்துப் பார்க்காதே. முன்னால ஒரு துண்டுக் கண்ணாடியும் ஓ-ரிங்கும் வை, கல்லுத் தண்ணி காஞ்சா சுண்ணாம்பு மாதிரி படியும்.

சனிக்கிழமை ஓசூர் வந்தா கட்டையை நானே போட்டுத் தரேன். அளவு பார்க்க வெர்னியர் இருந்தா எடுத்துட்டு வா. என்னோடதை கடைப்பையன் கீழ போட்டதுல இருந்து 0.1 எம்எம் அதிகமாக் காட்டுது.

பர்கூர்_கல்பட்டறை:
குழல் ஆர்டரை கேன்சல் பண்ணிட்டேன்ணா. மாமாகிட்ட 5 மில்லிவாட்டுன்னேன், “அஞ்சுதானா?”ன்னு முகம் சுருங்கிடுச்சு. சனிக்கிழமை அவரையும் கூட்டிட்டு வரேன், நீங்களே சொல்லுங்க.